பழைய டிராக் பந்தயச் சக்கரங்கள் நான்கு: வார்த்தது எவர், எந்தக் காலத்தவை?

ஆரக்கால் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். நான் தென் கலிபோர்னியாவில் வசிக்கிறேன். பழைய கார்ப் பாகங்கள் விற்கும் திறந்தவெளிச் சந்தை ஒன்றில் கடந்த மாதம் நான்கு சக்கரங்களை வாங்கினேன். கால் மைல் நேர்பாதையில் யார் முந்துவது என்று பார்க்கும் டிராக் பந்தயத்தில் ஓடிய கார் ஒன்றிலிருந்து கழற்றியவை என்று விற்றவர் சொன்னார்.

முன் சக்கரங்கள் இரண்டும் 15 அங்குல விட்டமும் 3½ அங்குல அகலமும் உடையவை; ஒவ்வொன்றிலும் 12 மெல்லிய ஆரக்கால்கள் இருக்கின்றன. போல்ட் துளை ஒன்றுகூட இல்லை; பேரிங் அமரும் எஃகு வளையங்கள் நடுக்குடத்தின் உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கின்றன. பின் சக்கரங்கள் 16 அங்குல விட்டமும் 10 அங்குல அகலமும் கொண்டவை. அவற்றில் ஆரக்கால்களுக்குப் பதிலாக ஐந்து ஜன்னல்கள் உள்ளன. நான்கின் மீதும் தடிமனான கறுப்பு வண்ணம் பூசப்பட்டிருப்பதால், எழுத்தோ எண்ணோ எதுவும் கண்ணில் படவில்லை.

"நான்குமே ஹாலிபிராண்ட் நிறுவனம் 1950களில் வார்த்த மக்னீசியம் சக்கரங்கள், லாங் பீச் அருகிலிருந்த லயன்ஸ் பந்தயத் தளத்தில் பேர் பெற்ற ஒரு காரில் இருந்தவை" என்பது விற்றவரின் கூற்று. அதற்குச் சான்றாக அவர் கொடுத்தது முன் சக்கரங்களை வைத்திருந்த ஒரு கிழிந்த அட்டைப்பெட்டி மட்டுமே. அதன் முகவரிச் சீட்டில் சான் பிரான்சிஸ்கோ என்றும், அதையடுத்து இரண்டு இலக்க எண் ஒன்றும், பிறகு கலிபோர்னியா என்பதன் சுருக்கமும் அச்சிடப்பட்டுள்ளன. அனுப்பியவரின் பெயர் இருந்த பகுதி கிழிந்து போய்விட்டது.

இக்கூற்றை எவ்வாறு சோதித்துப் பார்ப்பது? வண்ணத்தை நீக்கிப் பளபளப்பாக்கலாமா, அல்லது இருப்பது போலவே விட்டுவிடுவது நல்லதா?

வார்ப்படக்காரர் எழுதியது:

வணக்கம் நண்பரே. பளபளப்பாக்கும் எண்ணத்தை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். கம்பித் தூரிகை, அரைக்கும் சக்கரம், மணல் வீச்சு ஆகிய எதையும், உலோகம் எதுவென்று தெரியும் வரை அருகில் கொண்டுவர வேண்டாம். மக்னீசியத்தின் கட்டி எளிதில் பற்றாது. ஆனால் அதன் தூளும் மெல்லிய சீவலும் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். பற்றிய பின் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் வெளிப்பட்டுத் தீ மேலும் சீறும். வண்ணத்தை நீக்கப் பெயிண்ட் ரிமூவரும் மரச் சீவுகோலும் போதும். அமிலம் கலந்த ரிமூவரைத் தவிர்த்துவிடுங்கள்.

உலோகத்தை அறிய இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, சக்கரத்தின் பின்புறத்தில் கண்ணில் படாத ஓரிடத்தை நகத்தளவு சுரண்டி, அங்கே ஒரு சொட்டு வெள்ளை வினிகர் விடுவது. மக்னீசியமாக இருந்தால் உடனே நுரைத்துக் குமிழியிடும். அலுமினியம் கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் செய்யாது. சொட்டைத் துடைத்து, கழுவி, உலர்த்திவிடுங்கள். இரண்டாவது வழி எடையைக் கொண்டு அறிவது. தொங்கும் தராசில் சக்கரத்தைக் காற்றில் ஒரு முறையும், தண்ணீர்த் தொட்டியில் முழுவதும் மூழ்கவிட்டு ஒரு முறையும் நிறுத்துப் பாருங்கள். காற்றில் கிடைத்த எடையை, இரண்டு எடைகளின் வேறுபாட்டால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். 1.8-ஐ ஒட்டி வந்தால் மக்னீசியக் கலவை, 2.7-ஐ ஒட்டி வந்தால் அலுமினியம். முன் சக்கரங்களின் பேரிங் வளையங்கள் எஃகினால் ஆனவை என்பதால், அவற்றைக் கழற்றாமல் நிறுத்தால் கணக்கு தவறும். ஆனால் வளையங்களைக் கழற்றுவதற்காகக் குடத்தைத் தீச்சுடரால் சூடாக்கிவிடாதீர்கள், இழுகருவியைப் பயன்படுத்துங்கள்.

விற்றவர் மக்னீசியம் என்று சொன்னதை வைத்து மட்டும் அவரைப் பொய்யர் என்று எண்ணிவிடவும் வேண்டாம். மக்னீசியத்திலிருந்து வந்த "மேக்" என்ற சொல், 1960களிலேயே எஃகல்லாத எல்லாச் சக்கரங்களுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. வார்த்த அலுமினிய நடுப்பகுதியை எஃகு விளிம்போடு இணைத்து, 1964-இல் வெளிவந்து மிகப் பரவலாக விற்ற கிராகர் எஸ்.எஸ். சக்கரத்தைக்கூட வாங்கியவர்கள் "மேக்" என்றுதான் அழைத்தார்கள். அது மக்னீசியச் சக்கரமே அல்ல.

கால்மைல் எழுதியது:

எல்லாரும் முதலில் தேடுவது பெயரெழுத்தை. என் அனுபவத்தில் மிக எளிதாக ஏமாற்றுவதும் அதுவே. வார்ப்பட நிறுவனம் வேறு, கடைந்து துளையிட்ட பட்டறை வேறு, விளம்பரம் கொடுத்து விற்ற நிறுவனம் வேறு என்று இருந்த காலம் அது. சில சக்கரங்களில் வார்த்தவரின் குறி மட்டும் இருக்கும், சிலவற்றில் அதுவும் இராது. துளைகளுக்கு அத்தகைய குழப்பம் இல்லை. ஒரு சக்கரம் எந்த வண்டியில் எவ்வாறு பொருத்தப்பட்டு ஓடியது என்பதை அதன் துளைகளே சொல்லும். ஆகவே அவற்றிலிருந்து தொடங்குங்கள்.

முன் சக்கரத்தில் போல்ட் துளை இல்லாமலிருப்பது இயல்பானதே. மாட்டு வண்டியின் குடம் இருசின் மீது நேரடியாகச் சுழல்வது போல, இச்சக்கரம் ஸ்பிண்டில் எனப்படும் முன் அச்சு முனையின் மீதே பேரிங்கோடு அமர்ந்து சுழலும். தனியாக ஒரு ஹப் தேவையில்லை. டிராக்ஸ்டர் கார்கள் பின் சக்கர பிரேக்கையும், 1950களின் இறுதியிலிருந்து பாரஷூட்டையும் நம்பி நின்றவை. முன்னால் பிரேக் இல்லாதபோது ஹப்பையும் டிரம்மையும் எதற்காகச் சுமக்க வேண்டும்? எனவே, குடத்தின் உட்புறத்தில் பிரேக் தட்டு பொருத்துவதற்கான துளைகளோ கடைந்த முகமோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், தெருவில் ஓடும் காரின் உடலோடு பந்தயத்துக்கு வந்த வகையைவிட, டிராக்ஸ்டர் போன்ற வெறுஞ்சட்ட வண்டிக்கு உரியது என்று கொள்ளலாம். பேரிங் வளையத்தின் மீதுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த பேரிங்கின் உள்விட்டத்தை பேரிங் பட்டியலில் கண்டுபிடியுங்கள். அக்காலத்தில் பலர் பயன்படுத்தியவை 1937 முதல் 1948 வரையிலான ஃபோர்டு ஸ்பிண்டில்களும், எடை குறைவு என்பதற்காக ஆங்கிலேய ஃபோர்டு ஆங்லியாவின் சிறிய ஸ்பிண்டில்களும்தான்.

பின் சக்கரத்தில் ஐந்து போல்ட் துளைகள் இருக்குமானால், எதிரெதிர்த் துளைகளை அளக்க முடியாது. ஏனென்றால் ஐந்தில் எதிர்த் துளை என்பதே இல்லை. அடுத்தடுத்த இரு துளைகளின் மையங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை வெர்னியரால் அளந்து 1.7013-ஆல் பெருக்கினால் வட்டத்தின் விட்டம் வந்துவிடும். 4½ அங்குலம் என்றால் ஃபோர்டு அல்லது கிரைஸ்லர் குடும்பம்; 4¾ என்றால் ஷெவ்ரலே; 5 என்றால் அக்காலத்து ஓல்ட்ஸ்மொபைல், பான்டியாக் பின் ஆக்சில்கள்; 5½ என்றால் 1948 வரையிலான பழைய ஃபோர்டு. துளைகளே இல்லாமல், நடுவில் ஒற்றைப் பெரிய நட்டும் அதைச் சுற்றி முளைகள் நுழையும் குழிகளும் இருந்தால், அது வேறு கதை. அப்போது ஹாலிபிராண்ட் பெயரை நானும் வாய்விட்டுச் சொல்வேன்.

இன்னொன்றையும் பாருங்கள். பின் சக்கர விளிம்பைச் சுற்றிச் சிறு துளைகள் வரிசையாக இருக்கின்றனவா? காற்றழுத்தத்தைக் குறைத்து ஓட்டப்படும் அகலமான வழுக்கை டயர், கிளம்பும் நொடியில் விளிம்பிலிருந்து வழுக்கிச் சுழன்றுவிடாமல் இருக்க, விளிம்பைத் துளைத்து டயரின் கரைக்குள் திருகாணிகளை முடுக்கி வைப்பார்கள். டயர் அப்படி வழுக்கினால், உள்ளே டியூப் இருக்கும்போது அதன் வால்வு பிய்ந்துவிடும். அழகுக்காகச் சக்கரம் வாங்கிய எவரும் இவ்வாறு துளையிட மாட்டார்கள். அத்துளைகளைத் தயவுசெய்து யாரும் அடைத்துவிடாதீர்கள்.

பழையதாள் எழுதியது:

அட்டைப்பெட்டியைக் குப்பையில் போடாமல் வைத்திருந்ததற்கு உங்களுக்கு என் பாராட்டுகள். அமெரிக்காவில் ஐந்து இலக்க ஜிப் குறியீடு 1963 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன், 1943 முதல், பெரிய நகரங்களின் பெயருக்குப் பின்னால் ஒன்று அல்லது இரண்டு இலக்க அஞ்சல் மண்டல எண்ணை எழுதும் முறை இருந்தது. உங்கள் சீட்டில் இருப்பது அந்த மண்டல எண்ணே. எனவே அச்சடித்த வார்ப்புரு 1943-க்கும் 1963-க்கும் இடைப்பட்டது. ஆனால் சிக்கனமான ஒரு பட்டறை, மிச்சமிருந்த பழைய சீட்டுகளைப் புதிய முறை வந்த பின்னும் சில ஆண்டுகள் ஒட்டியிருக்கக்கூடும். ஜிப் குறியீடு இருந்திருந்தால் 1963-க்குப் பிந்தியது என்று உறுதியாகச் சொல்லலாம். இல்லாததைக் கொண்டு அதே உறுதியோடு முந்தியது என்று சொல்ல இயலாது. மேலும், பெட்டியும் சக்கரமும் ஒன்றாகப் பிறந்தவை என்பதற்கும் விற்றவரின் சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

ஊரின் பெயர்தான் என்னை யோசிக்க வைக்கிறது. டெட் ஹாலிபிராண்ட் தம் நிறுவனத்தை நடத்தியது லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில், முதலில் கல்வர் சிட்டியிலும் பிறகு டாரன்ஸிலும். சான் பிரான்சிஸ்கோவோ அவருடைய ஊரல்ல. அங்கே 1956-இல் டிராக் பந்தயக்காரர் ரோமியோ பாலமிடீஸ், டாம் கிரிஃபித், இயந்திரப் பட்டறை வைத்திருந்த ஜிம் எலிசன் ஆகியோர் சேர்ந்து தொடங்கிய நிறுவனம்தான் அமெரிக்கன் ரேசிங் எக்விப்மென்ட். ஸ்பிண்டிலில் அமரும் 12 ஆரக்கால் முன் சக்கரம் அவர்களோடு சேர்த்தே பேசப்படும் வடிவம். பெட்டியும் சக்கரமும் தனித்தனியே ஒரே திசையைக் காட்டுவதால், விற்றவர் தாம் கொடுத்த சான்றாலேயே தம் கூற்றைப் பாதி மறுத்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வண்ணத்தை நீக்கிய பின், வார்ப்பிலேயே எழுந்து நிற்கும் எழுத்துகளையும், பின்னர் உளியால் அடித்த எழுத்துகளையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். வார்ப்பெழுத்து சக்கரத்தோடு பிறந்தது. அடித்த எழுத்தை எவரும் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். காப்புரிமை எண் இருந்தால் அதிர்ஷ்டம்தான். அமெரிக்கக் காப்புரிமை எண் 30 லட்சத்தைத் தொட்டது 1961-இல் என்பதால், அந்த எண்ணோடு ஒப்பிட்டே காலத்தை ஓரளவு ஊகித்துவிடலாம். பந்தயப் பாகத் தயாரிப்பாளர் சங்கத்தின் சுருக்கமான "செமா" என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் வார்ப்பில் இருந்தால், அந்த அமைப்பு தோன்றிய 1963-க்கு முன் கொண்டுபோக முடியாது. ஜப்பானியச் சக்கரத் தரக்குறியான ஜே.டபிள்யூ.எல். இருந்தாலோ, 1960களை மறந்துவிட்டு மறுவார்ப்பு என்று எழுதி வைத்துவிடலாம்.

ஆரக்கால் எழுதியது:

மூவருக்கும் நன்றி. இரண்டு வார இறுதிகளைச் செலவிட்டு, சொன்னபடியே செய்து பார்த்தேன்.

முன் சக்கரம்: வினிகர் பட்டதும் சோடா போல நுரைத்தது. வளையங்களை இழுகருவியால் கழற்றிவிட்டு நிறுத்தேன், காற்றில் 4.10 கிலோ, தண்ணீரில் 1.85 கிலோ. அடர்த்தி 1.82 என்று வருகிறது. வண்ணத்திற்கு அடியில் பழுப்பும் பொன்னிறமும் கலந்த ஒரு படலம் ஆங்காங்கே எஞ்சியிருக்கிறது. குடத்தின் உட்புறத்தில் பிரேக் தட்டுக்கான துளைகள் இல்லை. பேரிங் எண்ணைத் தேடியதில், உள்விட்டம் பழைய ஃபோர்டு ஸ்பிண்டிலுக்கு உரியதைவிடச் சிறியதாக இருக்கிறது. பெயர் எதுவும் இல்லை. ஒரு சக்கரத்தில், இரண்டு ஆரக்கால்கள் குடத்தோடு சேரும் இடத்தில் மயிரிழை போன்ற கோடுகள் தெரிகின்றன.

பின் சக்கரம்: வினிகர் அப்படியே கிடந்தது. காற்றில் 8.1 கிலோ, தண்ணீரில் 5.1 கிலோ; அடர்த்தி 2.7. பின்புறத்தில் 16 X 10 என்ற வார்ப்பெழுத்தும், முக்கோணத்திற்குள் ஓர் எழுத்து கொண்ட சிறு குறியும் தெரிந்தன. போல்ட் துளைகளில் இரண்டு வட்டங்கள் இருக்கின்றன. அலுமினியப் பற்றவைப்பால் அடைக்கப்பட்டவற்றின் அடுத்தடுத்த மையங்களுக்கு இடையே 74.6 மி.மீ.; திறந்திருப்பவற்றில் 67.2 மி.மீ. விளிம்பின் இருபுறமும் திருகாணித் துளைகள் வரிசையாக இருக்கின்றன.

கால்மைல் எழுதியது:

மிக நேர்த்தியாகச் செய்திருக்கிறீர்கள். உங்கள் அளவுகளைக் கணக்கிட்டால் அடைத்த வட்டம் 5 அங்குலமும் திறந்த வட்டம் 4½ அங்குலமும் ஆகின்றன. அடைத்தது முந்தியது என்பதால், இச்சக்கரங்கள் முதலில் ஓல்ட்ஸ்மொபைல் அல்லது பான்டியாக் பின் ஆக்சிலில் ஓடி, பிறகு அதே உரிமையாளரிடமோ வேறொருவரிடமோ ஃபோர்டு அல்லது கிரைஸ்லர் ஆக்சிலுக்கு மாறியிருக்கின்றன. ஃபோர்டின் 9 அங்குல டிஃபரன்ஷியல் (பின் ஆக்சிலின் நடுவிலுள்ள பற்சக்கரத் தொகுதி) 1957-இல் வந்தது. அதன் பின்னர் பந்தயக்காரர்கள் பலர் மெல்ல மெல்ல அதற்கு மாறினார்கள். உங்கள் சக்கரம் அந்த மாற்றத்தை உடம்பில் தழும்பாகச் சுமந்து நிற்கிறது. இதைவிட நல்ல பிறப்புச் சான்றிதழை நான் கேட்க மாட்டேன்.

நான்கும் ஒரே காரிலிருந்து வந்தவையா? இருக்கலாம். முன்னும் பின்னும் வெவ்வேறு நிறுவனத்தாருடையவை என்பதே அதை மறுக்காது. முன் சக்கரம் எடை குறைந்து உருண்டால் போதும், பின் சக்கரமோ எஞ்சினின் முழு முறுக்கையும் தாங்க வேண்டும் என்பதால், பெரும்பாலோர் அவற்றைத் தனித்தனியே தேடி வாங்கினார்கள். ஆனால் "1950கள், ஹாலிபிராண்ட், மக்னீசியம்" என்ற மூன்றும் பின் சக்கரங்களைப் பொறுத்தவரை ஒன்றாக நிற்கவில்லை. உலோகம் மக்னீசியம் அல்ல; நிறுவனத்தின் பெயர் வார்ப்பில் இல்லை; 10 அங்குல அகலம் வேண்டுமளவுக்கு டயர்கள் அகன்றதையும் சேர்த்துப் பார்த்தால், 1960களுக்கு முன் வைக்க எனக்கு மனம் வரவில்லை. லயன்ஸ் தளம் 1955 முதல் 1972 டிசம்பர் வரை இயங்கியது. வார இறுதி தவறாமல் அங்கே ஓடிய கார்கள் எத்தனையோ. அங்கே ஓடியது என்பது நடக்கக்கூடியதே. பேர் பெற்ற கார் என்பதற்கு மட்டும், அந்த இரட்டைத் துளை வட்டமோ இதே ஜன்னல் வடிவமோ தெரியும் அக்காலப் புகைப்படம் ஒன்று வேண்டும்.

வார்ப்படக்காரர் எழுதியது:

முன் சக்கரங்களை அமெரிக்கன் ரேசிங் என்று தீர்மானிப்பதில் நான் சற்றுத் தயங்குகிறேன். 12 ஆரக்கால் என்ற எண்ணிக்கை எவர்க்கும் சொந்தமானதல்ல. விற்பனையாகும் வடிவத்தைப் பிறர் பார்த்து வார்ப்பது எந்தத் தொழிலிலும் உண்டு. பெயர் பொறித்த சக்கரம் ஒன்றின் பின்புறத்தோடு ஒப்பிட வேண்டும். முன்புற அழகை எவரும் நகலெடுப்பார்கள். ஆனால் ஆரக்காலின் பின்னால் ஓடும் விலா, அதன் குறுக்குவெட்டு, குடத்தின் நீளம், மணலச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு ஓடும் இடம் ஆகியவை வார்ப்பச்சுக்கான மாதிரியைச் செதுக்கிய கைக்கே உரியவை. பொமோனாவில் உள்ள வாலி பார்க்ஸ் கார்ப் பந்தய அருங்காட்சியகம் உங்களுக்கு எட்டும் தூரம்தான். அங்கிருக்கும் பழைய டிராக்ஸ்டர்களின் முன் சக்கரங்களை, அனுமதி பெற்று உட்பக்கமிருந்து படம் எடுத்து வாருங்கள். முக்கோணக் குறியும் வார்ப்படச் சாலையினுடையதாகத்தான் இருக்க வேண்டும். அதே குறி, பெயருள்ள வேறொரு சக்கரத்தில் என்றேனும் அகப்பட்டால் பின் சக்கரங்களின் புதிர் அவிழும்.

பழுப்பும் பொன்னிறமும் கலந்த படலம் நல்ல செய்தி. மக்னீசியம் அரிக்காமலிருக்க, வார்த்தபின் டைக்குரோமேட் கரைசலில் முக்கியெடுப்பார்கள். அதன் நிறம் அது. அந்தப் படலம் எஞ்சியிருக்கும் இடங்களைத் தேய்த்து வெள்ளியாக்கிவிட்டால், சக்கரத்தின் வயதைச் சொல்லும் ஒரு சாட்சி போய்விடும். அப்படலத்தில் குரோமியம் உள்ளது என்பதால் வெறுங்கையால் சுரண்டவும் வேண்டாம்.

மயிரிழைக் கோடுகளைப் பற்றி: பழைய பந்தயக்காரர்கள் எந்த விரிசல் சோதனையையும் "மேக்னாஃப்ளக்ஸ்" என்று சொல்வது வழக்கம். காந்தத்தால் செய்யும் அச்சோதனை இரும்புக்கும் எஃகுக்கும் மட்டுமே பயன்படும். மக்னீசியத்திலோ அலுமினியத்திலோ பலிக்காது. உங்களுக்கு வேண்டியது சாய ஊடுருவல் சோதனை. விமானப் பாகங்களைச் சோதிக்கும் பட்டறையில் அதைச் செய்து கொடுப்பார்கள். கோடுகள் விரிசல்கள் என்று உறுதியானால், அச்சக்கரம் இனி ஒருபோதும் காரில் ஏறக்கூடாது. விரிசல் இல்லை என்று வந்தாலும், அறுபதாண்டு வயதுடைய மக்னீசியத்தில் நான் காற்றடைத்து வேகமாக ஓட்ட மாட்டேன்.

ஆரக்கால் எழுதியது:

சாயச் சோதனைக்குக் கொடுத்துவிட்டேன். ஓட்டும் எண்ணம் எனக்கு முன்பும் இல்லை. பளபளப்பாக்கும் எண்ணத்தையும் கைவிட்டுவிட்டேன். பின் சக்கரத்தின் அடைத்த துளைகளையும், திருகாணித் துளைகளையும், முக்கோணக் குறியையும் அளவுகோலோடு படமெடுத்து இங்கே இணைக்கிறேன். அக்குறியை வேறெங்கேனும் கண்டவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். அட்டைப்பெட்டியை ஈரம் படாத இடத்தில் தனியாக வைத்திருக்கிறேன்.

பழையதாள் எழுதியது:

படத்தைப் பார்த்தேன். முக்கோணத்தின் கீழே, துளைக்கு இடப்பக்கம், வண்ணம் இன்னும் முழுமையாக நீங்காத இடத்தில் ஒரு எண்ணின் தலைப்பகுதி தெரிவது போலிருக்கிறது. அது வார்ப்பு மாதிரியின் எண்ணாக இருக்கலாம். ரிமூவரை இன்னொரு முறை தடவி, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி வைத்து மீண்டும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.